கோப்பை விளிம்பில் ஒரு நிறம்

கார் மூன்று முறை மாறியிருக்கிறது. உட்காரும் முறை மட்டும் மாறியதில்லை.

பேங்க்காரி ஓட்டுவாள். முன் இருக்கையில் பைகளும் சாப்பாட்டுக் கூடையும் சவாரி செய்யும். பின்னால் ஒரு ஜன்னல் டாக்டருக்கு, மறு ஜன்னல் பெரியவளுக்கு. கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்த மூன்று பேர், வருடத்துக்கு ஒரு முறை வீடு வாசலை மறந்து கிளம்புகிற பயணம் அது.

இந்த வருடம் பின் இருக்கையின் நடுவில் பெரியவளின் தங்கை சின்னவள் உட்கார்ந்திருந்தாள்.

"கூடையைப் பின்னாடி வெச்சுட்டு அவ முன்னாடி உக்காரட்டுமே," என்று கிளம்பும்போதே பெரியவள் சொல்லிப் பார்த்தாள்.

"கூடை பேசுமாடி?" என்றாள் டாக்டர். "நீ வாம்மா இங்க, நடுவுல."

தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்கு அந்த நீலப் பெட்டி ஞாபகம் இருக்கும். கணவனோடு இனி ஒத்துவராது என்று தெரிந்ததும், ஹோட்டல் வரவேற்பறையில் பார்த்துக்கொண்டிருந்த நல்ல வேலையையும் விட்டுவிட்டு, சின்னவள் அந்த ஒரே பெட்டியோடு அக்கா வீட்டில் வந்து இறங்கி இரண்டு மாதம் ஆகிறது. இந்தப் பயணத்துக்கு வரமாட்டேன் என்றுதான் சொன்னாள். அவளைச் சம்மதிக்க வைத்தது அக்கா இல்லை, டாக்டர். போனில் அரை மணி நேரம் பேசினாளாம். அந்த அரை மணி நேரத்தில் என்ன பேசினார்கள் என்று பெரியவளுக்கு இன்னும் தெரியாது.

பெரியவளுக்குத் தொழில் பல் செய்வது. டாக்டர் நோயாளியின் வாயில் அளவெடுத்து அனுப்புவாள். பெரியவள் அந்த அச்சைப் பார்த்துப் பீங்கானை மெல்லிய அடுக்குகளாகப் பூசி, உலையில் சுட்டு, பக்கத்துப் பல்லோடு சேர்த்து வைத்தால் எது கடவுள் கொடுத்தது எது இவள் கொடுத்தது என்று தெரியாதபடி செய்து அனுப்புவாள். இத்தனை வருடமும் ஆஸ்பத்திரியின் ஜன்னலில்லாத ஒரு கீழறையில் அந்த வேலை நடக்கிறது.

இப்போது டாக்டர் ஆஸ்பத்திரியை விட்டுவிட்டுச் சொந்தமாக ஒரு கிளினிக் திறக்கப் போகிறாள். இடம்கூடப் பார்த்தாகிவிட்டது. "மாடியில லேப் வெச்சா நல்லாயிருக்கும்ல?" என்று ஒரு தடவை கேட்டாள். 'நீயும் கூட்டு சேர்ந்துக்கோ' என்று மட்டும் கேட்கவில்லை. ஆனால் போன வாரம், "இந்த ட்ரிப்ல உங்கிட்ட முக்கியமா ஒண்ணு பேசணும்," என்றாள். அன்றிலிருந்து பெரியவள் மனசுக்குள் அந்த மாடியில் குடியிருக்கிறாள். உலையை எந்த மூலையில் வைப்பது, மேஜையை எந்த ஜன்னல் பக்கம் திருப்புவது எல்லாம் முடிவாகிவிட்டது. டாக்டர் வாய்விட்டுக் கேட்க வேண்டியது ஒன்றுதான் பாக்கி.

கேட்க வேண்டியவளோ, சின்னவள் சொன்ன ஏதோ ஹோட்டல் கதைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்புறம் அந்த ஆளு குளியல் தொட்டியிலயே தூங்கிட்டாரா?"

"தூங்கினா பரவாயில்லையே டாக்டரக்கா. குறட்டை விட்டாரு. பக்கத்து ரூம்லேர்ந்து புகார்!"

பெரியவள் தன் பக்கத்து ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தாள். தலைவாரி விட்டது போல வரிசை வரிசையாகத் திராட்சைக் கொடிகள் இறங்கி வந்தன. அந்தக் கதையை அவளும் கேட்டதில்லை. இரண்டு மாதமாக ஒரே வீட்டில் இருக்கிறாள். தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

*

திராட்சைத் தோட்டத்துக்காரர் உருண்டையான மனிதர். நகக்கண்ணெல்லாம் ஊதா. நான்கு பேருக்கும் இதுதான் முதல் ஒயின் சுவைப்பு என்று தெரிந்ததும், புது மாணவர்கள் கிடைத்த வாத்தியார் போல மலர்ந்துவிட்டார்.

ஒவ்வொரு கொடி வரிசையின் தலைமாட்டிலும் ஒரு ரோஜாச் செடி இருந்தது. அழகுக்கு என்றுதான் எல்லோரும் நினைப்பார்களாம். கொடியைத் தாக்குகிற சாம்பல் நோய்க்கு ரோஜா என்றால் இன்னும் இளக்காரம். முதலில் அங்கேதான் போய் உட்காருமாம். ரோஜா இலையில் வெள்ளைப் பொடி தெரிந்தால் உடனே கொடிக்கு மருந்து அடிக்க வேண்டும் என்று முன்பெல்லாம் தோட்டக்காரர்கள் தெரிந்துகொள்வார்களாம்.

உள்ளே நீள மேஜை. கண்ணாடிக் கோப்பைகள். முதல் வேலையாக அவர் கொடுத்தது ஒயின் இல்லை, காகிதக் கைக்குட்டை.

"லிப்ஸ்டிக் போட்டிருந்தா துடைச்சிடுங்கம்மா. அது மெழுகும் எண்ணெயும். நாக்குல படிஞ்சா ருசியை மறைச்சிடும். கோப்பையில ஒட்டிக்கிட்டா சும்மா தண்ணியில போகவும் போகாது."

நான்கு பேரும் சமர்த்தாகத் துடைத்துக்கொண்டார்கள்.

பிறகு பாடம். கோப்பையை ஏன் சுழற்ற வேண்டும்? சுழற்றினால் ஒயின் கண்ணாடிச் சுவரில் மெல்லிய படலமாகப் பரவும். பரப்பு கூடினால் வாசனை அதிகம் கிளம்பும். ஏன் மூக்கை உள்ளே விட வேண்டும்? நாக்குக்குத் தெரிந்தது இனிப்பு, புளிப்பு, கசப்பு என்று ஒரு சின்னப் பட்டியல்தான். எலுமிச்சை, மிளகு, ஈர மண் என்று மற்றதையெல்லாம் கண்டுபிடிப்பது மூக்கு. வாயில் வைத்த பிறகும் தொண்டையின் பின்வழியாக வாசனை மூக்குக்கு ஏறுகிறது. அதனால்தான் சளி பிடித்தவனுக்கு எல்லாமே சப்பென்று இருக்கிறது.

"கடைசியா, துப்பணும்," என்று மேஜை நடுவில் ஒரு வாளியை வைத்தார். "வெட்கப்படாதீங்க. ருசி பாக்க வாய் நனைஞ்சா போதும். விழுங்கிட்டே போனா அஞ்சாவது கோப்பையில நீங்க ஒயினைப் பாக்க மாட்டீங்க, ஒயின் உங்களைப் பாக்கும்."

"நான் முகர்ந்து மட்டும் பாக்கறேன் சார்," என்றாள் பேங்க்காரி. "இந்த மூணையும் வீடு சேக்க வேண்டியது நான்தான்."

வாளி சிறிது நேரத்திலேயே இடம் மாறிவிட்டது. டாக்டரும் சின்னவளும் யார் குறி தவறாமல் துப்புவது என்று போட்டி போட்டுக்கொண்டு அதைத் தங்கள் இருவருக்கும் நடுவில் இழுத்து வைத்துக்கொண்டார்கள்.

"சின்னது, உனக்கு நல்ல எதிர்காலம் இருக்குடி! என் நோயாளிங்க யாருக்கும் இப்படித் துப்பத் தெரியாது."

"கிளினிக்ல ஒரு பயிற்சி வகுப்பு போட்டுடலாம் டாக்டரக்கா."

கிளினிக்கில்! பெரியவளின் காதில் அந்த ஒரு சொல்தான் விழுந்தது.

அவள் துப்ப வேண்டுமென்றால் எழுந்து, அந்த இரண்டு தலைகளுக்கும் நடுவே குனிந்து, "கொஞ்சம் நகருங்க," என்று கேட்க வேண்டும். ஒரு முறை எழுந்தாள். இரண்டு பேரும் ஏதோ காதோடு காதாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். மறுபடி உட்கார்ந்தாள். வாயில் இருந்ததை விழுங்கினாள்.

அடுத்ததையும். அதற்கு அடுத்ததையும்.

*

மதியம் சாப்பிட்டு முடித்துக் கூடையைக் கட்டும்போது பெரியவளுக்கு அவள் வீட்டுக்காரரிடமிருந்து போன்.

"எப்படி இருக்கு? உன் தங்கச்சி கொஞ்சம் சிரிச்சாளா?"

"நல்லாவே சிரிக்கிறா."

"அப்பாடா. பாவம், வந்ததுலேர்ந்து முகம் வாடியே இருந்துது. நீ கூட்டிட்டுப் போனதுதான் நல்லது."

"நான் எப்படி இருக்கேன்னு கேக்கலையே?"

"உனக்கென்ன?" என்றார் அவர், உண்மையிலேயே புரியாமல்.

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது மேஜையில் பேங்க்காரி மட்டும்தான் இருந்தாள். டாக்டரும் சின்னவளும் கைகோர்த்துக்கொண்டு கைகழுவும் இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இந்தப் பயணங்களில் எல்லாம் டாக்டரோடு அந்த நடை நடப்பது பெரியவள்தான். "வாடி, கண்ணாடி பாத்துட்டு வரலாம்," என்பாள் டாக்டர். இன்றைக்குக் கூப்பிடவில்லை.

"என்னடி உர்ருன்னு இருக்கே?" என்றாள் பேங்க்காரி.

"வெயில்."

"நிழல்லதானே உக்காந்திருக்கே!"

*

மதியத்துக்குமேல்தான் உண்மையான விளையாட்டு. தோட்டத்துக்காரர் மூன்று புட்டிகளைக் கொண்டுவந்து வைத்தார்.

பெரும்பாலும் ஒரே வகைத் திராட்சையில் நல்ல ஒயின் முழுமையாக வந்துவிடாது என்று விளக்கினார். முதல் புட்டி தடித்த தோல் திராட்சை. தோலில்தான் நிறமும் துவர்ப்பும் இருக்கிறது, அதனால் அது எலும்பு. இரண்டாவது மென்மையானது, வாயை நிறைக்கும், அது சதை. மூன்றாவது புளிப்பும் வாசனையும், அது நரம்பு. எலும்பு கூடினால் ஒயின் முறைக்கும். சதை கூடினால் தொளதொளவென்று இருக்கும். அளவுக் குடுவையில் ஊற்றி, கலந்து, சுவைத்து, திருத்தி, ஆளுக்கு ஒரு கோப்பை தயார் செய்ய வேண்டும். யாருடையது எது என்று தெரியாமல் சுவைத்து, நான்கில் சிறந்ததைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பெரியவளுக்கு இது கைவந்த கலை. பீங்கான் பொடி கலப்பது போலத்தான். சொட்டுச் சொட்டாக ஊற்றினாள். அந்த நேரம் மட்டும் மனசு அமைதியாக இருந்தது.

"சுவைக்கறதுக்குப் புதுக் கோப்பையில மாத்தி ஊத்தித் தரேன்," என்றார் தோட்டத்துக்காரர்.

"எதுக்கு சார்?" என்றாள் டாக்டர். "ஹாஸ்டல்ல ஒரே டம்ளர்ல குடிச்சவங்க நாங்க. அப்படியே சுத்துல விடுங்க."

எல்லோரும் முற்றத்தில் போய் நின்றார்கள். அவர் ஒவ்வொரு கோப்பைக்கடியிலும் உரியவரின் அடையாளம் எழுதிய அட்டையைக் கவிழ்த்து வைத்து, இடம் மாற்றி அடுக்கிவிட்டு உள்ளே கூப்பிட்டார்.

முதல் கோப்பை பெரியவளுடையதே, கலந்தவளுக்குத் தெரியாதா? எல்லோரும் நல்லதாக நாலு வார்த்தை சொன்னார்கள். இரண்டாவதை முதலில் அவளிடம்தான் கொடுத்தார்கள்.

பல்லுக்கு நிறம் பார்ப்பதில் ஒரு முறை இருக்கிறது. பல் வெள்ளை என்பது வெளியாட்கள் பேச்சு. ஈறுக்கு அருகில் மஞ்சள், நுனியில் சாம்பல், நடுவில் பெயரில்லாத ஒன்று. உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் களைத்துப் பொய் சொல்ல ஆரம்பித்துவிடும். அதனால் சாம்பல் நிறமான எதையாவது சற்றுப் பார்த்துக் கண்ணை ஆற்றிக்கொண்டு, சட்டென்று திரும்பி ஒரே பார்வை பார்க்க வேண்டும். முதல் பார்வையில் தெரிவதுதான் நிறம்.

பழக்க தோஷத்தில் பெரியவள் சாம்பல் நிறச் சுவரைப் பார்த்துவிட்டுக் கோப்பையைப் பார்த்தாள்.

விளிம்பில் ஒரு கீற்று. வேறு யார் கண்ணுக்கும் பட்டிருக்காது. செங்கல் நிறத்தில் துளி ரோஜா கலந்தது. அந்த நிறத்தைக் கடையில் மணிக்கட்டில் போட்டுப் பார்த்து, வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்த்து, தங்கையின் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்தவளே அவள்தான்.

சாப்பாட்டுக்கு அப்புறம் மறுபடி பூசிக்கொண்டிருக்கிறாள்! துடைக்கச் சொன்னது இவளுக்கு மட்டும் பொருந்தாதாக்கும்.

ஒரு வாய் குடித்தாள். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் பொறுக்கவில்லை.

"சொல்லுடி பல்லி," என்றாள் டாக்டர். பல் செய்கிறவளுக்கு விடுதிக் காலத்துத் தோழிகள் வைத்த பெயர்.

"சொல்லவா?" பெரியவள் கோப்பையை மேஜைமேல் வைத்தாள். காலையிலிருந்து விழுங்கியது எல்லாம் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. "இது எல்லாரையும் மயக்கணும்னே கலந்தது. வாயில வெச்ச உடனே ஒரு இனிப்பு, ஒரு சிரிப்பு. ஆகா, எவ்வளவு நல்லாயிருக்குன்னு தோணும். உள்ள போனா ஒண்ணுமே கிடையாது. எலும்பே இல்ல. தனியா நிக்கத் தெரியாது. அடுத்தவங்க கிட்டப் போய் ஒட்டிக்கிட்டு, அவங்க இடத்துல உக்காந்துக்கிட்டுத்தான் இதுக்குப் பொழப்பு."

பேங்க்காரி சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினாள்.

தோட்டத்துக்காரர் மட்டும் உற்சாகமானார். "சதை கொஞ்சம் தூக்கல்தான். சரியாப் பிடிச்சீங்கம்மா! யாரோடதுன்னு பாத்துடலாமா?" என்று அட்டையைத் திருப்பினார்.

"என்னுது," என்றாள் டாக்டர்.

அவள் வாயைப் பெரியவள் அப்போதுதான் நேராகப் பார்த்தாள். செங்கல் நிறம். துளி ரோஜா.

"நான்தான் போட்டு விட்டேன்," என்று சின்னவள் மெதுவாகச் சொன்னாள். "கைகழுவப் போனப்ப. அவங்களுக்கு நல்லா இருக்கும்னு தோணிச்சு."

"துடைக்க மறந்துட்டேன்," என்றாள் டாக்டர். விரலால் உதட்டைத் தொட்டுக்கொண்டாள்.

"ஐயோ, இல்லடி..." பெரியவள் கோப்பையைத் தள்ளி வைத்தாள். "உன்னோடதுன்னு எனக்குத் தெரியவே தெரியாது. சத்தியமா! தெரிஞ்சிருந்தா இப்படிப் பேசுவேனா?"

டாக்டர் அவளை ஒரு கணம் பார்த்தாள். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற பார்வை.

"அப்ப யாரோடதுன்னு நெனச்சே?"

அந்தக் கேள்விக்கு அந்த மேஜையில் இருந்த எல்லோருக்கும் பதில் தெரிந்திருந்தது. தோட்டத்துக்காரருக்குக்கூடத் தெரிந்துவிட்டது போல. ரொட்டி எடுத்து வருகிறேன் என்று நழுவினார்.

சின்னவள் நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னுக்குத் தள்ளி எழுந்து வெளியே போனாள்.

*

கொடி வரிசையின் கோடியில் அவள் நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் பெரியவளுக்கு வசதியாக இருந்திருக்கும். கட்டிக்கொண்டு, தலையைத் தடவி, அக்காவாக மாறிவிடலாம்.

"ஏய்... ஒயின் கொஞ்சம் அதிகமாயிடுச்சுடி. என்னமோ உளறிட்டேன்."

"உளறல் இல்லக்கா. தெளிவா, வரிசையா சொன்னே. எத்தனை நாளா சேத்து வெச்சே?"

"அப்படியெல்லாம் இல்ல."

"எலும்பு இல்லாதவ. ஒட்டிக்கிறவ. அடுத்தவங்க இடத்துல உக்கார்றவ." சின்னவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். "என் வீட்டுக்காரர்கூட இவ்வளவு அழகா சொன்னதில்ல."

"நீ என்னைப் பத்தி நெனச்சுப் பாத்தியா?" பெரியவளுக்கும் குரல் உயர்ந்தது. "காலையிலேர்ந்து நான் ஒருத்தி இருக்கேன்னு யாருக்காவது ஞாபகம் இருந்துதா? எனக்கு இருக்கறதே இந்த ரெண்டு பேர்தான். உனக்கு எங்க போனாலும் ஆள் சேந்துடுது. எனக்கு அப்படி வராதுடி. அவ கிட்ட நான் ஒரு விஷயத்துக்காக எத்தனை நாளா காத்துட்டிருக்கேன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"என்ன தெரியும்?" என்றாள் பெரியவள்.

"கிளினிக். மாடியில லேப்," என்றாள் சின்னவள். "தூக்கத்துலகூட ஜன்னல் ஜன்னல்னு சொல்றியாம். மாமா சொல்லிச் சிரிச்சாரு. போன்ல அரை மணி நேரம் டாக்டரக்கா என்ன பேசினாங்கன்னு நீ கேக்கவே இல்லையே. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். என்னை வரச் சொன்னாங்க. கிளினிக்கை நான் நடத்தணுமாம். ஆளுங்களைப் பாத்துக்கறது, நேரம் கொடுக்கறது, எல்லாம். பங்கும் தரேன்னாங்க."

ஒரு காற்று வந்து இலைகளைப் புரட்டிவிட்டுப் போனது.

"நீ... என்ன சொன்னே?"

"வேண்டாம்னேன். அக்கா அந்த இடத்துக்காக உயிரை விடுறா, முதல்ல அவளைக் கேளுங்க, நான் குறுக்க வந்தா தாங்க மாட்டான்னேன். இன்னிக்கும் கேட்டாங்க. காதுல ரகசியம் பேசினோமே, அது இதுதான். இன்னிக்கும் வேண்டாம்னுதான் சொன்னேன்."

பெரியவளுக்கு உட்கார வேண்டும் போல இருந்தது. அங்கே உட்கார ஒன்றுமில்லை.

"உன் இடத்துல உக்காரக் கூடாதுன்னு, வந்த வேலையைக் கைநீட்டித் தள்ளிட்டு நின்னேன்க்கா. எனக்குன்னு இருக்கறது உங்க வீட்டு ஓரத்து ரூமும் ஒரு பெட்டியும். அதை மட்டும் வெச்சுக்கிட்டுத் தள்ளினேன்." அவள் கதவுப் பக்கம் திரும்பினாள். "இப்ப உள்ள போய்ச் சரின்னு சொல்லப் போறேன்."

"ஏய், நில்லு! நில்லுடி, பேசலாம்..."

சின்னவள் நிற்கவில்லை.

கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே நடப்பது தெரிந்தது. கேட்கவில்லை. டாக்டர் பக்கத்து நாற்காலியைக் காட்டினாள். சின்னவள் உட்காராமல் நின்றபடியே பேசினாள். பேங்க்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் ஏதோ கேட்டாள். சின்னவள் தலையை ஆட்டி, விரலால் வெளியே சுட்டினாள். நேராகப் பெரியவளை.

பிறகு டாக்டர் மட்டும் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். உதட்டில் இப்போது சாயம் இல்லை. அழுத்தித் துடைத்ததில் தோல் சிவந்திருந்தது. பெரியவள் மன்னிப்புக் கேட்பதற்கு வார்த்தைகளை அடுக்கிக்கொண்டாள்.

"அப்புறம் கேக்கலாம் மன்னிப்பு," என்றாள் டாக்டர், அவள் வாய் திறப்பதற்கு முன்பே. "உன் தங்கச்சி வரேன்னு சொல்லிட்டா. ஆனா ஒரு நிபந்தனை போட்டிருக்கா. அது உன்னைப் பத்தினது. அதை நானே வந்து உங்கிட்ட சொல்லணுமாம்."

அந்த நிபந்தனை என்ன என்று பெரியவள் உடனே கேட்கவில்லை. கண்ணாடிக்கு அப்பால், வந்து இரண்டு மாதமே ஆன தங்கை, தான் இத்தனை வருடமாகக் எதையும் கேட்கவே பயந்த ஒருத்தியிடம் நிபந்தனை போடும் அளவுக்கு வளர்ந்து நிற்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த நேரத்திலும் அவளால் பொறுக்க முடியாதது அதுதான்.

"என்னடி, கேக்கறியா இல்லையா?" என்றாள் டாக்டர்.